வலியைப் பாராட்டி ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் கோடைக் கூடைப்பந்து முகாம் பற்றிப் படித்தேன். 'முழங்கால் வலித்தாலும் ஒருநாள்கூட லீவு போடாத 12 வயதுச் சிறுவன்' என்று ஒரு வரி. பாராட்டாம்!

என் மகனும் லீவு போடாதவன்தான். போன வருஷம் மே மாதம், காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம், வாரத்தில் 6 நாள், சிமெண்ட் தரையில். முடிக்கும்போது கோடு தொட்டுத் திரும்பும் ஓட்டம், ஒருத்தன் நின்றாலும் எல்லோருக்கும் முதலிலிருந்து. ஜூனில் முழங்காலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குப் புடைப்பு. மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவான். வளர்கிற வயசில் தொடைத் தசை இழுக்கிற இழுப்பில் எலும்போடு ஒட்டியிருக்கும் இடம் நொந்துபோகிறது, ஆஸ்குட் ஷ்லேட்டர் என்று பேர் என்றார் டாக்டர். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார். 24 என்றதும் என்னைத்தான் முறைத்தார். கோச்சோ, "இந்தக் காலத்துப் பசங்க சாஃப்ட் மேடம்" என்று முடித்துவிட்டார்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவும், அந்நாட்டுக் கூடைப்பந்து அமைப்பான யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உங்களுக்குத் தெரியாததல்ல. 12 முதல் 14 வயது வரை வாரத்துக்கு 10 மணி நேரத்துக்குள், ஒரு நாளாவது ஓய்வு. என்பிஏ ஸ்கோரை மட்டும் விடாமல் போடுகிறீர்களே.

வருஷம் முழுக்க பிடி பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை மே மாதம் ஒரேயடியாகக் கசக்குவார்கள். 40 பேருக்கு 5 பந்து இருந்தால் ஓடவிடுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? அப்புறம் போட்டி என்றால் ஒரே நாளில் 3 ஆட்டம், நடுவில் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட். இரண்டு வருஷம் முன்பே இதையெல்லாம் எழுதினேன், நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள், நன்றி.

பிள்ளைகளைப் பொத்தி வளர்க்கச் சொல்லவில்லை. ஒருநாள் பிழிந்தெடுத்தால் மறுநாள் கூடையில் பந்து போடும் ஷூட்டிங் பயிற்சியோடு விடலாம். பயிற்சி முடிந்ததும் 'எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை?' என்று கேட்டு, எத்தனை நிமிஷமோ அதால் பெருக்கி எழுதி வைத்தால் பாரம் ஏறுவது தெரிந்துவிடும். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அடுத்த முறை முகாம் அறிவிப்பு போடும்போது வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஓய்வு எந்தக் கிழமை என்று கேட்டு வாங்கிச் சேர்த்துப் போடுங்கள். கட்டணத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.

— ஒரு வாசகி, கோவை