ஆயாம்மாவுக்கும், தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள ஆயாம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்,

மகனுடைய மதிப்பீட்டு அறிக்கை நேற்று வந்தது. இந்த வருடம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அவன் உடம்பும் கையும் இயங்கும் விதம் ‘வயதுக்கு ஏற்ற அளவில் இருக்கிறது’ என்று அந்த அறிக்கையில் ஒரு வரி. அதைப் படித்த கையோடு எழுதுகிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயாம்மா, முதலில் உங்களுக்குத்தான்.

கிரேயானைக் கண்டாலே அவன் கைகளை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்ட நாட்கள் அவை. வகுப்பில் எல்லோரும் வரைந்துகொண்டிருந்தபோது அவன் வாசலில் வந்து நின்றிருக்கிறான். நீங்கள் முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். “ஏன் வெளியே வந்தாய்?” என்று கேட்கவில்லை. சின்ன வாளியில் பாதித் தண்ணீரும் ஒரு பழைய பெயின்ட் பிரஷும் கொடுத்து, “சுவத்துக்குப் பெயின்ட் அடி ராசா, எனக்கு ஒத்தாசையா இருக்கும்” என்றீர்கள்.

அவன் அடித்தான். நனைந்த இடம் கருத்தது, வெயில் பட்டதும் காய்ந்து மறைந்தது. சரி தப்பு பார்க்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை. “இது என்ன படம்?” என்று கேட்கவும் யாருமில்லை. மறுநாள் பள்ளிக்குள் நுழைந்ததுமே வாளியைத் தேடினான். சில நாள் கழித்து சுவரில் சாக்பீஸால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, அதைத் தண்ணீரால் அழிக்கச் சொன்னீர்கள். கோட்டின் மேலேயே பிரஷ் போக வேண்டும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அழிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் போயாக வேண்டும்! பிறகு வாளியை அவனுடைய இடப்பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். வலக்கை உடம்பைக் குறுக்கே கடந்து போய்த் தோய்த்துவர வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். “ஒரே பக்கமா நின்னா கை கடுக்கும்லம்மா” என்றீர்கள்.

இதை, அவனுக்குக் கை, உடம்புப் பயிற்சி கொடுக்கும் தெரபி அக்காவிடம் சொன்னபோது அவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தைக்கு உடம்பின் மேலுள்ள பிடிமானம் நடுவிலிருந்து நுனிக்குத்தான் பரவும் என்று விளக்கினார். முதலில் முதுகும் தோளும், பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். மணிக்கட்டில் உள்ள 8 சின்ன எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கும். பள்ளிப் பருவத்தில்தான் ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடியும். நின்றுகொண்டு சுவரில் கை உயர்த்தி வேலை செய்யும்போது தோள் உரமாகிறது, மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைகிறது, கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து இயங்க வசதியாகிறது. தண்ணீர் வாளியைத் தூக்கி நடப்பதும் தசைக்கும் மூட்டுக்கும் நல்ல வேலை. ஒரு கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போவதைத் தனிப் பயிற்சியாகவே கொடுப்பார்களாம். இத்தனையையும் ஒரு வாளியில் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள், ஆயாம்மா. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, கும்பிடத்தான் தோன்றுகிறது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கிரேயான்களைச் சின்னச் சின்னத் துண்டாக ஒடித்து, முஷ்டியால் பிடிக்க இடமில்லாமல் மூன்று விரலால் மட்டுமே பிடிக்கும்படி செய்த வகுப்பு மிஸ்ஸுக்கு. கரடி நடை, நண்டு நடை, காகிதம் கிழித்து ஒட்டுதல், துணி கிளிப் மாட்டுதல் என்று பயிற்சி எல்லாவற்றையும் விளையாட்டாக்கிவிட்ட தெரபி அக்காவுக்கு. பந்துக்குப் பதில் பலூனில் ஆரம்பித்து (பலூன் மெதுவாக இறங்குவதால் கண்ணும் கையும் சேர நேரம் கிடைக்கிறது) பெரிய பந்து, சின்னப் பந்து என்று மாலைதோறும் கூட விளையாடிய பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு. சறுக்குமர ஏணியில் அவன் ஏறி முடிக்கும்வரை தள்ளாமல் நின்ற குட்டி நண்பர்களுக்கு, அப்படிப் பிள்ளைகளை வளர்த்த பெற்றோருக்கு. எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

“இன்னும் எழுத ஆரம்பிக்கலையா?” என்று கேட்டவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் 3 வயதை ஒட்டி வட்டத்தைப் பார்த்து வரையும் பிள்ளைக்கு, முக்கோணம் கைவர 5 வயது ஆகலாம். ‘ட’வும் ‘ப’வும் நேர்கோடுகள், ‘அ’ எழுத வளைவும் சுழியும் கோடும் ஒன்றாக வர வேண்டும். களிமண் பிசைந்த, மணி கோர்த்த, மண்ணில் குழி தோண்டிய கை அதற்குத் தானாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. (மணி கோர்க்கும்போது பக்கத்தில் இருங்கள். 3 வயதுக்குக் கீழ் இருந்தால் சின்ன மணிகளே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.) விளையாட்டு இருந்தால் போதும், மருத்துவர் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனதில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். எங்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த நேரத்தை என் பிள்ளையிடமிருந்து இனி எதற்காகவும் பிடுங்க மாட்டேன். கையெழுத்து நோட்டுக்காகவும் மாட்டேன்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் சேரும்போது, வாரம் ஒரு காலை ஆயாம்மாவோடு முற்றத்தில் இருப்பேன். மேசைக்கு அடியில் கையை ஒளிக்கும் பிள்ளை இன்னொன்று வராமலா போகும்? அகலமான பிரஷ்களும் கைப்பிடி உறுதியான சின்ன வாளிகளும் இப்போதே சேர்க்கிறேன். உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். முடி கொட்டிய பிரஷாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அவனுடைய அம்மா