பேய் வரவில்லை என்பதா குறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு நூல் பக்கத்தில் கோதிக் பேய் நாவல்களைப் பற்றி, அதாவது பழைய கோட்டை, பெரிய வீடு, பழைய ரகசியம் என்று பயமுறுத்துகிற மேல்நாட்டுக் கதைகளைப் பற்றி, ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். முன்னூறு பக்கம் புரட்டியும் பேய் தலைகாட்டவே இல்லை, கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே கதையை ஓட்டிவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. அதற்காகத்தானே என்னைப் போன்றவர்கள் இவற்றைத் தேடிப் பிடித்துப் படிக்கிறோம்!

பேய் முழுசாக வந்து எதிரே நின்றுவிட்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். விரித்த தலை, நீளமான பல், சரி, பார்த்தாயிற்று, அப்புறம்? ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவலில் ஒரு இடம். இருட்டு அறையில் எலினோர் படுத்திருக்கிறாள், பக்கத்து அறையிலிருந்து யாரோ முணுமுணுக்கிற சத்தம், நடுவில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் வேறு. தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பொறுத்துப் பார்க்கிறாள், பொறுக்க முடியாமல் கத்திவிடுகிறாள், விளக்கு எரிகிறது. தோழி அறையின் அந்தப் பக்கம், தன் கட்டிலில், அப்போதுதான் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கையை? அவ்வளவுதான், ஜாக்சன் அதற்குப் பதில் சொல்வதே இல்லை. அந்த இடம் வந்தபோது போர்வைக்கு வெளியே இருந்த என் கையை நான் உள்ளே இழுத்துக்கொண்டேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கதை நடக்கிற அந்த ஹில் ஹவுஸ் வீட்டைக் கட்டியவன் ஒரு மூலையைக்கூட நேராகக் கட்டவில்லை, எல்லாக் கோணமும் இம்மி பிசகியே இருக்கும். அதனால்தான் திறந்து வைத்த கதவுகள் தானாகச் சாத்திக்கொள்கின்றன என்று விளக்கமும் கதைக்குள்ளேயே வருகிறது. விளக்கம் கிடைத்த பிறகும் கதவு சாத்துகிறபோது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது பாருங்கள், அங்கேதான் எழுத்தின் கெட்டிக்காரத்தனம்.

வீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பெரும்பாலும் இந்தக் கதைகள் அடியில் சொத்துத் தகராறுதான். இந்த வகைக்கே முதல் என்று சொல்லப்படும் ஹொரேஸ் வால்போலின் ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’ (1764) என்ன கதை? உரிமையாளருக்கு விஷம் வைத்துப் பொய் உயில் காட்டிக் கோட்டையைப் பிடித்தவனுடைய பேரன் அங்கே ஆண்டுகொண்டிருக்கிறான், அவன் மகனுடைய கல்யாண நாளில் மலை போன்ற ஒரு தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளையை நசுக்குகிறது. (கொஞ்சம் சிரிப்பும் வரும், மறைப்பானேன்.) வாழ்ந்து முடித்தவர்கள் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறார்கள். 1938இல் வந்த ‘ரெபெக்கா’ நாவலில் பேயே கிடையாது, ஆனால் செத்துப்போன முதல் மனைவிதான் வீட்டை ஆள்கிறாள், இரண்டாவதாக வந்தவளுக்குக் கதை முழுக்க ஒரு பெயர்கூட இல்லை.

கட்டுரையாளர் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் திறந்து காட்டியவர்களும் இருந்தார்கள். ஆன் ராட்கிளிஃப் எழுதிய ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’வில் (1794) எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பது நூற்றுக்கணக்கான பக்கங்கள் கழித்துத்தான் தெரிகிறது: மெழுகுப் பொம்மை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. அதற்கு மாறாக ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வை (1898) எடுத்துக்கொள்ளுங்கள். ஆவிகள் உண்மையா, அல்லது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியையின் மனப்பிரமையா? பிரமைதான் என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் வாதாடினார், இன்றுவரை சண்டை தீரவில்லை.

இவற்றில் அலுப்பூட்டுகிறவை நிறைய உண்டு, மலையையும் நிலவையும் பக்கம் பக்கமாக வர்ணிக்கிற இடங்களை நானே தாண்டிப் போயிருக்கிறேன். அந்தக் குறையை அவர் எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

இன்னொன்று, கட்டுரைக்கு மேலே வெள்ளை உடையில் கண் சிவந்த ஓர் உருவத்தைப் போட்டிருந்தீர்கள். அடுத்த தடவை பாதி திறந்த கதவு ஒன்றை மட்டும் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி