கன்டெய்னருக்கு அடியில் இருக்கும் மண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்டெய்னர் யார்டில் 31 வருடம் சரக்கை எண்ணிக் கணக்கு வைக்கும் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு சென்னை மணலி புதுநகரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் பால் வாங்கப் போனேன். செம்மண் கட்டி மாதிரி ஏதோ மிதந்து வந்து தொடையில் ஒட்டியது. அத்தனையும் எறும்பு! புற்றுக்குள் தண்ணீர் ஏறினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ராணியையும் குஞ்சுகளையும் சுமந்தபடி தெப்பமாக மிதக்குமாம். வாயால் கவ்விக்கொண்டு வாலில் இருக்கும் கொடுக்கால் திரும்பத் திரும்பக் குத்தின. மறுநாள் கால் முழுக்க வெள்ளைக் கொப்புளம். எனக்கு அரிப்போடு போயிற்று. எதிர்வீட்டு அம்மாவுக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறியது, படகில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

போன மாசியில் கோழியைப் பத்து முட்டையில் அடை வைத்தோம். குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளை போட்ட அன்று ராத்திரியே அந்தத் துளை வழியாக எறும்பு புகுந்துவிட்டது. விடிந்தபோது மிஞ்சியது மூன்று. யார்டு மதிலோரம் சரளைக்கல்லில் ஆள்காட்டி ஜோடி ஒன்று வருடா வருடம் முட்டையிடும். கத்திக் கத்தியே ஆளை விரட்டிவிடும் பறவை அது. எறும்பிடம் கத்தி என்ன பிரயோஜனம்?

விலங்கியல் படிக்கும் பேத்தி, பாட்டிலில் பிடித்துப்போய்ப் பார்த்து நெருப்பெறும்பு என்றாள். பூர்வீகம் மத்திய அமெரிக்கப் பக்கமாம். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் ஏறி உலகம் சுற்றியதாக மரபணு ஆய்வு சொல்கிறதாம். அட, நம்ம சரக்குத் தொழில்தான் கொண்டுவந்ததா என்று சிரித்தேன்.

இதன் பங்காளி ஒன்று இருக்கிறது, தென் அமெரிக்கச் சிவப்பு நெருப்பெறும்பு. அதைக் கேட்டபின் சிரிப்பு வரவில்லை. 1930களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் என்ற ஊரின் துறைமுகத்தில் இறங்கி, தென் மாநிலங்கள் முழுக்கப் பரவிவிட்டது. 2001இல் பிரிஸ்பேனில் கண்டுபிடித்த ஆஸ்திரேலியா இன்னும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. 2023இல் இத்தாலியின் சிசிலித் தீவில் 88 புற்றுகள் இருப்பது தெரியவந்தது.

சீல் நம்பர் பார்ப்போம், மூட்டை எண்ணுவோம், மரப்பலகையில் பூச்சி நீக்கியதற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் இந்த எறும்பு ஒளிந்து வரக்கூடிய, கன்டெய்னருக்கு அடியில் அப்பியிருக்கும் மண்ணைக் குனிந்து பார்த்த ஒருவரை 31 வருடத்தில் நான் கண்டதில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் யார்டுகளிலும் அக்கம்பக்கத்துக் காலி மனைகளிலும் எறும்பைப் பிடித்துச் சோதிக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய செலவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள மீன் துண்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் மொய்த்துவிடும். நெருப்பெறும்பு என்று தெரிந்தால், அது கூட்டுக்குத் தூக்கிப்போய் ராணிக்கு ஊட்டும் மருந்துத் தீனியைத் தூவலாம். எங்கள் தெருவில் இப்போதும் புற்றில் மண்ணெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள். ராணி ஆழத்தில் இருக்கிறது, மேலே இருப்பவைதான் சாகின்றன. ரெண்டு முழம் தள்ளிப் புதுப் புற்று கிளம்புகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டேலி கிளார்க்,
மணலி புதுநகர்.