போ யான் தெருவில் நனைந்தவர்களுக்கு

ஹாங்காங் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

போ லியுங் குக் வரலாற்று நடைக்கு, தூறலிலும் பாதியில் கழன்றுகொள்ளாமல் ஷியுங் வான் ஏற்றம் முழுக்க ஏறி வந்தீர்களே, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அடுத்தது வரலாற்று ஆசிரியர் ஐயாவுக்கு. கடத்தப்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் காத்த சங்கமான போ லியுங் குக் தொடங்கிய ஆண்டு 1896 என்று, உங்களுக்குக் கொடுக்கவிருந்த தகவல் தாளில் அச்சடித்துவிட்டேன். "தம்பி, அது சொந்தக் கட்டடம் கிடைத்த ஆண்டு" என்று முந்தின இரவு பதினோரு மணிக்கு போன் வந்தது. டோங்குவான் வணிகர்கள் நால்வர் ஆளுநர் ஹென்னஸியிடம் சங்கம் தொடங்க மனுக் கொடுத்தது 1878 நவம்பரில்; அதுதான் தொடக்கம். உட்கார்ந்து நாற்பது தாளையும் பேனாவால் திருத்திய என் மகளுக்கும் நன்றி.

கீழ்வீட்டு கான்டனீஸ் பாட்டியை எப்படி மறப்பது! துங் வா மருத்துவமனை வாசலில் பிள்ளைகளின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார்: 'போ' என்றால் காப்பது, 'லியுங்' என்றால் ஒரு பாவமும் அறியாதவர். வேலை வாங்கித் தருகிறோம் என்று கிராமங்களிலிருந்து ஏமாற்றிக் கூட்டிவந்த பெண்களையும் சிறுமிகளையும் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் சிங்கப்பூருக்கும் கலிபோர்னியாவுக்கும் கப்பலேற்றினார்கள். சங்கத்தார் ஆள் வைத்துத் துப்பறிந்து மீட்ட பெண்களை முதலில் தங்கவைத்தது இந்த மருத்துவமனையில்தான். வீடு தெரிந்தவர்களை ஊருக்கு அனுப்பினார்கள்; போக்கிடம் இல்லாதவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள், அல்லது தத்துக் கொடுத்தார்கள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், அந்த வியாபாரிங்க வீட்டுல விலைக்கு வாங்கின பொண்ணுங்க யாரும் வேலை செய்யலையா?"

நான் மென்று முழுங்கினேன். செய்தார்கள், கண்ணு. அவர்களை 'முய் சாய்' என்பார்கள். அதுவும் அடிமைத்தனமே என்று 1879இல் தலைமை நீதிபதி ஸ்மேல் சொன்னபோது, அது எங்கள் வழக்கம் என்று வாதாடியவர்கள் ஊரின் சீனப் பெரிய மனிதர்கள். கடத்தலை எதிர்த்தவர்களும் அதே பெரிய மனிதர் வட்டத்து ஆட்கள்தான். இதைத் தாளில் எழுதாமல் விட்டது கூச்சத்தால். கேட்டதற்கு நன்றி, அடுத்த தாளில் முதல் பத்தியே அதுதான்.

காஸ்வே பேக்கு டிராமில் போகும்போது எல்லோர் மடியிலும் எலுமிச்சை சாதப் பொட்டலம் வைத்த அக்காவுக்கும், லெய்ட்டன் சாலையில் போ லியுங் குக்கின் 1932 கட்டடத்தின் முன்னால் படம் எடுத்த தம்பிக்கும் நன்றி.

மரப்பிடி போட்ட நீலக் குடை ஒன்று என் வீட்டில் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.