18 மில்லிமீட்டர்

நாகர்கோவில்
ஞாயிறு இரவு

ஏட்டி லீலா,

ஓணத்துக்கு நீ அனுப்பிய படத்துக்கு ஒரு வரி பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. அம்மாவுக்கு மூட்டுவலி பழையபடி, சின்னவன் பிளஸ் டூ, இவர் வழக்கம்போல. மழை விடாமல் பெய்கிறது. ஊர்ச்செய்தி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தது குப்பைமேனி விஷயமாக. சிரிக்காதே. பச்சிலை வைத்தியம் பார்த்த ஆசான் பாட்டா என் முழங்கையில் அதை வைத்துக் கட்டிய அன்று நீ சிரித்த சிரிப்பே இன்னும் காதில் இருக்கிறது.

ஜெபா என்றொரு பிள்ளை என்னிடம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறாள். பொற்றையடிப் பக்கம் வரப்புகளில் குப்பைமேனி, தும்பை, நொச்சி பறித்து வந்து நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் சாறு எடுத்தோம். கிருமி வளர்க்கும் அகார் தட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அதுதான் நம் சீழ்க்கட்டிக் கிருமி, அதைப் பஞ்சுக்குச்சியால் பரப்பி, குழி போட்டுச் சாற்றை விட்டு, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்தோம். காலையில் "மிஸ், 18 மில்லிமீட்டர்!" என்று தட்டோடு ஓடி வந்தாள். ஆறின கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி தட்டு முழுக்கக் கிருமி. குப்பைமேனிக் குழியைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் கண்ணாடி போல ஒரு வட்டம், அதன் அகலம்தான் அந்த 18. எனக்கும் தலைகால் புரியவில்லை. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

மூன்றாம் நாள்தான் கண்ட்ரோல் குழியைப் பார்த்தேன். இலைச்சாறே இல்லாத, வெறும் மெத்தனால் விட்ட குழி. அதைச் சுற்றியும் கிட்டத்தட்ட அதே வட்டம்! சாற்றிலிருந்து மெத்தனாலை முழுக்க ஆவியாக்கிவிட்டு டி.எம்.எஸ்.ஓ. என்ற வேறு கரைப்பானில் கரைத்திருக்க வேண்டும். பிள்ளை அவசரப்பட்டுவிட்டாள், இருபது வருஷ சர்வீஸ்காரி நானும் கவனிக்கவில்லை. கிருமியைக் கொன்றது குப்பைமேனி இல்லை, சாராயத்தின் பங்காளி.

திரும்பச் செய்தோம். 11 மில்லிமீட்டர், அதில் குழி மட்டும் 6. ஈ.கோலை என்ற குடல் கிருமி இருந்த தட்டில் வட்டம் ஒன்றுமே இல்லை. அந்த வகைக் கிருமிக்கு மழைக்கோட்டு போல வெளியே இன்னொரு சவ்வு உண்டு, பல மூலிகைச் சாறும் அதைத் தாண்டாது. இன்னொன்று கேள்: எங்கள் குழிக்குள் போனது 10 மில்லிகிராம் சாறு. பக்கத்தில் வைத்த ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையில் இருந்தது 10 மைக்ரோகிராம், ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் வட்டம் 20ஐத் தாண்டியது. சாறு என்பது நூறு சரக்கு கலந்த குழம்பு, தனி மருந்தோடு அதை ஒப்பிடுவது அநியாயம்தான். ஆனாலும் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

இந்தத் திருத்தத்தை நான் அப்போது குழுவில் போடவில்லை லீலா. வெட்கம்.

கல்குளம் அத்தானுக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். உள்ளங்காலில் முள் குத்தியிருக்கிறது, உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. புண்ணைப் பார்த்ததும் "நம்ம கொழுந்தி காலேஜிலயே நிரூபிச்சாச்சு" என்று குப்பைமேனியை அரைத்துக் கட்டியிருக்கிறார், பதினெட்டு நாள், அக்காவுக்குக்கூடச் சொல்லாமல். நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். தட்டில் கிருமி மேலாக்கக் கிடக்கிறது. காலில் அது சதைக்குள், எலும்புக்குள் இறங்கிவிடும். ரத்தம் சரியாக ஓடாத இடத்தில் பச்சிலை என்ன, ஊசி மருந்துகூடத் தட்டுத்தடுமாறித்தான் போய்ச் சேரும். அத்தான் என்னைக் குறை சொல்லவில்லை. அக்கா மட்டும் என்னிடம் பேசுவதில்லை.

பெரியம்மாவைக் கேள், "அரைச்சுக் குடிச்சா உள்ளே உள்ள கிருமி சாகுமா?" என்கிறாள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள யாராவது குப்பைமேனியைத் தின்றால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகலாம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். "அப்போ துளசி?" என்றாள்.

இத்தனைக்குப் பிறகும் அந்தச் செடியை விட மனசு வரவில்லை. பாட்டா புண்ணைத் தொடுமுன் குனிந்து முகர்ந்து பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? சிலருக்கு இலை வைப்பார். சிலரைப் பார்த்ததும் "நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று விரட்டுவார். அத்தானையும் விரட்டியிருப்பார். அப்புறம், பச்சிலையைக் காய்ச்சினால் அவருக்குக் கோபம் வரும். நாங்கள் என்ன செய்தோம்? சாக்ஸ்லெட் கருவியில் எட்டு மணி நேரம் கொதிக்க வைத்தோம்.

சீனாவில் தூ யூயூ என்ற அம்மாள் மலேரியாவுக்கு ஒரு செடியைச் சோதித்தபோது முதலில் சரியாக வரவில்லை. நாலாம் நூற்றாண்டு வைத்தியக் குறிப்பு ஒன்றில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டார். ஈதரை வைத்துக் குறைந்த சூட்டில் எடுத்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின், 2015ல் நோபல். எனக்கு நோபல் வேண்டாம், ஜெபாவுக்கு ஒழுங்கான ஒரு அட்டவணை போதும்.

அதனால் கேட்கிறேன். பாட்டாவின் நோட்டு தகரப்பெட்டியில்தானே இருக்கிறது? உன் அண்ணனிடம் நான் கேட்டால் தரமாட்டார், பழைய சண்டையை இன்னும் மறக்கவில்லை மனுஷன். நீ கேள். குப்பைமேனியைப் பச்சையாகக் கசக்கினாரா, உப்பு போட்டாரா, சுண்ணாம்பா, மஞ்சளா, பூ விடுமுன் பறித்தாரா, எந்தப் புண்ணுக்குத் தொடவே மாட்டார்? கடைசிக் கேள்விக்கு உள்ள பக்கத்தை முதலில் படம் எடுத்து அனுப்பு. கரையான் தின்னுமுன் மீதியையும்.

திருத்தத்தை இன்று சாயந்திரம் குழுவில் போட்டுவிட்டேன். மூன்று பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள், படித்தார்களா தெரியாது. நாளை அத்தானுக்குக் கட்டு மாற்ற வேண்டும், நான்தான் கூட்டிப் போகிறேன். ஆட்டோவில் அக்காவும் வருகிறாள்.

ஜெயா