ரயிலில் போன நாள் வீண் நாள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை வழக்கம்போல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அதில், பாபநாசம், தாராசுரம் போன்ற சிற்றூர்களுக்கு ரயிலில் போனால் ஒரு பகல் வீணாகிவிடும் என்றும், ஆகவே வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு ஏழெட்டு இடங்களை ஒரே மூச்சில் பார்த்துத் திரும்புவதே அறிவுடைமை என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வாக்கியம் மூன்று நாளாக என் மனத்தை அறுத்துக்கொண்டிருப்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ரயில்வே அஞ்சல் சேவையில் 34 ஆண்டுகள் சார்ட்டராக, அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குபவனாக, வேலை பார்த்தவன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் மெயின் லைனில் மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே இரவு வண்டிகளின் தபால் வேனில் நின்றபடி அந்த வேலையைச் செய்தவன். வண்டி ஒரு நிலையத்தை நெருங்குவதற்குள் அந்த ஊர்ப் பையைக் கட்டி, அரக்கு வைத்து, கதவருகே தயாராக நிற்க வேண்டும். பாபநாசம் என்றால் அந்நாளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நடைமேடையில் ஆடும் ஒரு கைவிளக்கும், பையை வாங்க நீளும் இரண்டு கைகளும்தான். அந்த ஊரின் பெயரை ஆயிரக்கணக்கான உறைகளில் படித்தவன், அதன் ஒரு தெருவைக்கூடப் பகலில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் மாதம் இரண்டு முறையாவது என் மனைவியும் நானும் திருச்சி ஜங்ஷனில் காலை வண்டி ஏறுகிறோம். ஏழு ஆண்டுகளாக இது நடக்கிறது. அந்தப் பகல்களில் ஒன்றுகூட வீண் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து கும்பகோணம் இன்னுமொரு 40 கிலோமீட்டர். இந்தக் குறுகிய தொலைவுக்குள் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பது தஞ்சை மண்ணை அறிந்த ஆசிரியருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாபநாசத்தில் இறங்கினால் திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறது. செங்கல்லால் வட்டமாக எழுப்பிக் கூம்பாக முடித்த அந்தக் கட்டடம், கலம் என்ற பழைய முகத்தல் அளவையில், 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். நெல்லைக் கொட்டவும் எடுக்கவும் வெவ்வேறு உயரத்தில் வாய்கள் வைத்திருக்கிறார்கள். களத்துமேட்டில் வளர்ந்த என் மனைவி, எந்த வாய் வழியாக எப்போது அள்ளுவார்கள் என்று சுவரைத் தொட்டுத் தொட்டு எனக்கு விளக்கிய அந்த அரை மணி நேரம், காரை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு வாய்க்குமா என்று தங்கள் கட்டுரையாளரைப் பணிவுடன் கேட்கிறேன்.

தாராசுரத்தின் நிலையும் அதுவே. பாசஞ்சர் வண்டி நிற்கும் அந்தச் சிறிய நிலையத்தில் இறங்கினால், 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்த ஐராவதேசுவரர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். கருவறையைச் சுற்றிய அடித்தளத்தில் நாயன்மார்களின் வரலாறு சாணளவே உள்ள சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டுமானால் குனிந்தும் குந்தியும் குறைந்தது இரண்டு மணி நேரம் நகர வேண்டும். நடை பகலில் சாத்தப்படுவதற்குள் சுவாமியையும் தரிசிக்க வேண்டுமானால் காலையிலேயே போய்ச் சேர வேண்டும். ஏழெட்டு இடங்களைக் கணக்கு வைத்துப் புறப்படுகிற கார், உச்சிவெயிலில் சாத்திய கதவுக்கு முன்னால்தான் போய் நிற்கிறது. இதை நாங்கள் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறோம்.

சுவாமிமலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். திரும்பும் வண்டிக்கு மூன்று மணி நேரம் இருந்ததால் ஒரு ஸ்தபதியின் பட்டறைத் திண்ணையில் உட்கார இடம் கேட்டோம். உள்ளே அழைத்துப் பாய் போட்டார்கள். தென்னை ஓலையின் ஒரு கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்துத் தாளம் எனப்படும் சிற்ப அளவுகளைக் குறித்துக்கொண்டு, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று மெழுகின் மேல் வைத்துப் பார்த்தார் அந்தப் பெரியவர். பக்கத்தில் காவிரி வண்டல் பூசிய அச்சு ஒன்றைச் சூடேற்றி உள்ளிருந்த மெழுகை உருக்கி வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றியபோது, பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள். ஊற்றி முடிக்கும்வரை எவரும் அசையவில்லை. அடுத்த வண்டி மூன்று மணி நேரம் கழித்துத்தான் என்பதால் மட்டுமே எங்களுக்குக் கிடைத்த காட்சி அது. கட்டுரையாளர் வீண் என்று எழுதிய நேரமும் இதுவேதான்.

இந்தப் பகுதிக்கு ரயில் நேற்று வந்ததல்ல. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சி வரை 1860களின் தொடக்கத்திலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். அவ்வளவு பழைய பாதையில் இன்று ஒரு சாதாரணப் பயணி பகலில் போய்வரப் படும் பாட்டைத் தங்கள் இதழ் எழுதியிருந்தால் நான் கைகூப்பி வரவேற்றிருப்பேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பாசஞ்சர் வண்டிகள் திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்ற பெயரோடு வந்ததும், 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயானதும், அது மறுபடி 10 ரூபாய்க்கு இறங்க 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்ததும் ஆசிரியர் அறிந்தவையே. அதே வண்டி, அதே பெட்டி, அதே வேகம். கட்டணம் மட்டும் மூன்று மடங்கு. பூக்கூடையோடு தினமும் ஏறுகிற பெண்கள் அந்த ஆண்டுகளில் எங்கள் பெட்டியில் ஒவ்வொருவராகக் குறைந்துபோனதைக் கண்டோம். ஆண்களுக்கு 60 வயதுக்கு மேல் 40 சதவீதமும், பெண்களுக்கு 58 வயதுக்கு மேல் 50 சதவீதமும் இருந்த மூத்த குடிமக்கள் சலுகையும் அதே மார்ச்சில் போனதுதான், இன்றுவரை திரும்பவில்லை. தஞ்சைக்கு அப்பால் இன்னமும் ஒற்றைப் பாதையாகவே இருப்பதால், எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறதென்றால் பாசஞ்சர் வண்டிதான் கிராஸிங்குக்காக ஒதுங்கி நிற்கிறது. பகல் உண்மையிலேயே வீணாகிற இடம் இதுதான். இதற்கு ஊர் என்ன செய்யும், ரயிலில் போகிறவன் என்ன செய்வான்?

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். நிலையத்தின் பெயரைக் குறிப்பிட நான் விரும்பவில்லை. சென்ற சித்திரையில் ஒரு சிறு நிலையத்தில் மாலை வண்டிக்காகக் காத்திருந்தோம். பெண்கள் காத்திருப்பு அறை பூட்டியிருந்தது, கழிப்பறையும் பூட்டியிருந்தது. சாவி ஒப்பந்தக்காரரின் ஆளிடம் இருப்பதாகவும், அவர் சாப்பிடப் போயிருப்பதாகவும் சொன்னார்கள். முழங்கால் வலியோடு அறுபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, முகம் வாடி, தண்ணீர்கூடக் குடிக்க அஞ்சி, இரண்டு மணி நேரம் சிமெண்ட் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்றாவது முறை, இந்த வயதில் எதற்கு இப்படி ஊர் சுற்றுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். என் மனைவி அன்று வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கள் கட்டுரையின் அந்த வாக்கியத்தைப் படித்தபோது அதே கேள்வியை அச்சில் பார்ப்பதுபோல் இருந்தது. இத்தனைக்கும் பிறகு அடுத்த மாதமே மறுபடி புறப்படலாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தங்கள் இதழை வாங்குகிறவன் என்ற உரிமையில் இன்னொரு வருத்தத்தையும் தெரிவிக்கிறேன். சென்ற ஆண்டு இதே இணைப்பில், தாராசுரம் கோயிலை எழுப்பியவர் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன் என்று அச்சாகியிருந்தது. அது இரண்டாம் இராசராசன் எழுப்பியது, இரண்டுக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கும் மேல் இடைவெளி உண்டு என்று அன்றே ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கலாம் என்று எண்ணிச் சமாதானப்பட, அந்தத் துறையிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் ஒருமுறை இறங்கி நடந்தவர் எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்பதே என் ஆதங்கம்.

ஆகவே ஆசிரியரிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். முன்பெல்லாம் நிலையத்துப் புத்தகக் கடையில் ரயில்வே கால அட்டவணை அச்சுப் புத்தகமாகக் கிடைக்கும். சென்ற மாதம் கேட்டபோது இல்லை என்றார்கள், கைப்பேசியில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். என்னைப் போல் எழுத்து சிறிதாக இருந்தால் படிக்க முடியாதவர்கள் ஆயிரம் பேராவது தங்கள் இதழை வாங்குகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் ஒரு மூலையை ஒதுக்கி, திருச்சியிலிருந்து நாலா பக்கமும் சிறு நிலையங்களில் நின்று செல்லும் பகல் வண்டிகளின் நேரத்தையும், மாலையில் திரும்பும் வண்டியின் நேரத்தையும், நிலையத்திலிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் சற்றுப் பெரிய எழுத்தில் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். தகவல்களைத் திரட்ட ஆள் இல்லையென்றால், மெயின் லைனில் மயிலாடுதுறை வரை உள்ள நிலையங்களுக்கு நானே எழுதித் தருகிறேன். அதற்காக எனக்கு எதுவும் தர வேண்டாம். இடம் போதாதென்றால் இக்கடிதத்தை வெளியிடாமல் விட்டுவிட்டு அந்த அட்டவணையை மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.