சர்வரை அணைக்கும் முன் சாவியைக் கொடுங்கள்

எங்கள் மெய்நிகர் உலகத்தை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கேமை மூடப்போகிறீர்கள் என்ற அறிவிப்பு வந்து சேர்ந்தது. 60 நாள் அவகாசம், ‘மறக்க முடியாத பயணத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே உங்களுடைய அடுத்த கேமுக்குத் தள்ளுபடிக் கூப்பன். ஏன் மூடுகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கூட்டம் குறைந்துவிட்டது, சர்வர் செலவு கட்டுப்படியாகவில்லை, எல்லாம் தெரிந்ததுதான். சந்தை மைதானத்தில் ராத்திரி பன்னிரண்டு பேர்கூட நிற்பதில்லை என்பதை உங்களைவிட நாங்கள்தான் தினமும் பார்க்கிறோம். கடையைக் கட்டுவது உங்கள் உரிமை. நான் கேட்க வந்தது சாவி, நீங்கள் போன பிறகும் நாங்களே அதைத் திறந்து வைத்துக்கொள்ள.

இந்த மடலை எழுத வைத்தது அந்த அறிவிப்புகூட இல்லை, போன வாரம் உங்கள் உதவி மையத்திலிருந்து வந்த பதில். அதற்கு வருகிறேன். அதற்கு முன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வடக்குக் குளக்கரையில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. என் அண்ணன் கட்டியது. சந்தா நின்று 90 நாள் ஆனால் வீடு இடிந்து மண்ணாகிவிடும் என்பது நீங்கள் போட்ட விதி. அண்ணன் இறந்து 26 மாதம் ஆகிறது. வீடு நிற்கிறது. எப்படி நிற்கிறது என்று உங்கள் கணக்குப் பிரிவைக் கேளுங்கள், சொல்வார்கள். அவருடைய சந்தாவை மாதாமாதம் நான் கட்டுகிறேன். மாதம் ஒரு தடவை அவர் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், வாசல் கதவைத் திறந்து மூடி, ‘வீடு புதுப்பிக்கப்பட்டது’ என்ற பச்சை எழுத்து வந்து மறையும்வரை நின்றுவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஒருவர் அக்கவுண்டை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்று விதிமுறையில் இருப்பது தெரியும். எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன், வேண்டுமானால் தடை போடுங்கள், இன்னும் 41 நாள்தானே.

அண்ணனும் நானும் போனில் பேசினால் இரண்டு நிமிடம் தாண்டாது. உடம்பு எப்படி, வேலை எப்படி, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். அவர் இருந்த இடத்தில் விடியும்போது எனக்கு இருட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் குளத்தில் தூண்டிலைப் போட்டு கேமில் எங்களுக்காக நடமாடும் இரண்டு பொம்மைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பேச்சு தானாக வரும். கண் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை அது பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருக்கும். தன் கல்யாண வாழ்க்கை முறிந்ததை அவர் என்னிடம் முதலில் சொன்னது அங்கேதான். ‘தக்கை அசையுது பார்’ என்பதற்கும் ‘பெரிய மீன் போச்சு’ என்பதற்கும் நடுவில் சொன்னார். நேரில் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார்.

குளக்கரையில் அவர் நட்ட ஒரு மரப்பலகை இருக்கிறது. உங்கள் கேமில் தமிழ் எழுத்து வராது, கட்டம் கட்டமாகத்தான் வரும். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்துக்கொண்டோம். ‘இந்த இடத்தை ரொம்ப ரசித்தேன்’ என்று அவர் எழுதினார். அவர் அடித்த எழுத்துக்கூட்டலில் நடுவே ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தை வந்து விழுந்திருந்தது, உங்கள் வடிகட்டி அதைக் கண்டுபிடித்து நட்சத்திரம் போட்டுவிட்டது. பலகையில் இன்றைக்கும் ‘இந்த இடத்தை ரொம்ப ர****ன்’ என்றுதான் இருக்கிறது. மாற்றி எழுதுங்கள் என்றேன். “விடுடா, என் ரசனையையே கெட்ட வார்த்தைன்னுட்டான், இருக்கட்டும்” என்று அப்படியே விட்டுவிட்டார்.

சரி, உதவி மையத்துக்கு வருகிறேன். நான் கேட்டது மூன்றே பொருள்: அந்த வீட்டின் அமைப்பு, அந்தப் பலகை, எங்கள் இருவரின் சாட் பதிவு. கணக்கு உரிமையாளர் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து நேரடியாகக் கோர வேண்டும் என்று பதில் வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதே பதில் மறுபடி வந்தது, கூடவே ஒரு வரி: ‘இது ஒரு பொழுதுபோக்குச் சேவை, இதிலுள்ள பொருள்களுக்கு நிஜ உலக மதிப்பு எதுவும் கிடையாது.’ மன்னிக்கவும், கணக்கு உரிமையாளர் நேரடியாகக் கோரும் நிலையில் இல்லை. அவர் சந்தாவை மட்டும் 26 மாதமாக நேரடியாக வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

‘நிஜ உலக மதிப்பு’ என்ற சொல் எனக்குப் புதிதல்ல. இந்த வயதில் கேமா என்று கேட்காத ஆள் இல்லை. சாயங்காலம் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து எழுந்திருப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை, சீட்டாடுகிறவரைக்கூட நாலு பேரோடு பழகுகிற மனுஷன் என்பார்கள். நாலு பேரோடு பேசிப் பழகுவதற்காகவே நாங்கள் உள்ளே போனால் அது மட்டும் வெட்டிவேலை. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய, பலர் ஒரே நேரத்தில் உள்ளே போகக்கூடிய முதல் கணினி உலகத்தில் படம்கூட இல்லை, வெறும் எழுத்து. அதில் போய் உட்கார்ந்தவர்கள் எதற்காகப் போனார்கள்? அந்தப் பக்கம் இன்னொரு மனிதர் இருந்தார், அதற்காகத்தான். 2005இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் ஒரே ஒரு பகுதிக்குள் இருக்க வேண்டிய தொற்று தவறுதலாக வெளியே கசிந்து ஊரெல்லாம் பரவியது. சிலர் ஓடினார்கள், சிலர் வைத்தியம் பார்க்கப் போய்த் தாங்களும் வாங்கிக்கொண்டார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நிஜக் கொள்ளைநோயில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று புரிந்துகொள்ள இது உதவும் என்று 2007இல் மருத்துவ ஆய்விதழிலேயே எழுதினார்கள். அவர்களுக்குத் தெரிந்த மதிப்பு உங்கள் உதவி மையத்துக்குத் தெரியவில்லை.

இதில் நான் ஒன்றும் உத்தமன் இல்லை. வேலை பறிபோன வருஷம் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் உள்ளேயே கிடந்திருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்தபோது (2022 முதல் நடைமுறையில் இருக்கிறது) அந்த விளக்கத்தைப் படித்துப் பார்த்தேன்: விளையாட்டு கைமீறிப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது, வழக்கமாக இது 12 மாதமாவது நீடிப்பது. என் கதையை யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. என்னை வெளியே இழுத்தது மருத்துவர் இல்லை, அதே குளக்கரையில் உட்கார்ந்திருந்த அண்ணன். இரண்டு இடத்துக்காவது விண்ணப்பம் போட்டுவிட்டு வா, அதுவரை உன்னோடு தூண்டில் போட மாட்டேன் என்று லாக் அவுட் செய்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் ஞாபகம் இருக்கிறது. தொடர்ந்து முப்பது நாள் லாகின் செய்ததற்கு ஒரு தங்கக் குதிரை கொடுத்தீர்கள். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து. அப்புறம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கும் அந்த அதிர்ஷ்டப் பெட்டிகள். அந்த மாதிரிச் சில பெட்டிகளை 2018இல் பெல்ஜியத்தில் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டார்கள். பெட்டி விற்கும்போது உள்ளே இருக்கும் வாளுக்கு மதிப்பு உண்டு, செத்துப்போனவர் பலகையைக் கேட்டால் மதிப்பு கிடையாது. நல்ல கணக்கு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது சாவி.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள் என்கிறார்கள். நானூறுக்கு மேல் இருக்கிறது. படத்துக்குள் தூண்டில் போட முடியாது. எங்கள் கணினியில் இருப்பது ஓடு, மரம், தண்ணீர் இவற்றின் உருவங்கள்தான். எந்த ஓடு எங்கே, எந்தப் பலகையில் என்ன எழுத்து என்பதெல்லாம் உங்கள் சர்வரில் இருக்கிறது. நீங்கள் அதை அணைத்தால் எங்களிடம் மிஞ்சுவது செங்கல் குவியல், வீடு இல்லை.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. என்சிசாஃப்ட் நிறுவனத்தின் சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இணைய விளையாட்டு 2012 நவம்பரில் மூடப்பட்டது. விளையாடியவர்கள் தாங்களாகவே சர்வர் வைத்து அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு முறைப்படி உரிமமே கொடுத்தது. என்சிசாஃப்ட் ஒன்றும் இதனால் தெருவுக்கு வந்துவிடவில்லை. மறுபக்கம், 2024இல் தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை யுபிசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியதிலிருந்து கிளம்பிய எதிர்ப்பு, ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டிப் போனது. கலிபோர்னியாவில் 2025 முதல், வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் கேமுக்கு ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அடுத்து என்ன வரும் என்று உங்கள் வழக்கறிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சர்வர் நிரலில் வெளியாரிடம் உரிமம் வாங்கிப் போட்ட பகுதிகள் இருக்கும், அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது என்பீர்கள். சரி, கொடுக்க வேண்டாம். எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து விளையாடும் குழுவில், மூன்று பேர் இந்த வேலையிலேயே இருப்பவர்கள், இரண்டு பேர் ஓய்வுபெற்று நேரத்தோடு இருக்கிறார்கள். சொந்தமாக எழுதி ஓட்டிக்கொள்வோம். லாபத்துக்கு நடத்தாதவரை வழக்குப் போட மாட்டோம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், வீடுகளின் தரவை ஒரு கோப்பாகக் கொடுங்கள். அதுவும் கஷ்டம் என்றால், அவரவர் வீட்டையாவது அவரவர் இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள். இறந்தவர் வீட்டை அவர் குடும்பத்தார் இறக்கிக்கொள்ளவும் ஒரு வழி செய்யுங்கள். இப்படி இருப்பது நான் ஒருவன் மட்டும் இல்லை, தெற்குத் தோப்பில் எனக்குத் தெரிந்தே இன்னும் இரண்டு வீடுகள் இந்த மாதிரிதான் நிற்கின்றன.

தயவுசெய்து இந்த மடலை அந்த உதவி மையத்துக்கே திருப்பி அனுப்பிவிடாமல், முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் ஒருவர் படித்துப் பதில் எழுத வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் அக்கவுண்டுக்கான கடைசிச் சந்தா, நீங்கள் மூடும் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் வருகிறது. முழு மாதத்துக்கும்தான் எடுப்பீர்கள் என்று தெரியும். எடுத்துக்கொள்ளுங்கள், அட்டை எண் அதேதான். அதுவரை வீட்டில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குளக்கரை வீட்டுக்காரரின் தம்பி